நூற்றெட்டுப் புளியங்கொட்டை

முழங்கால் என்று ஓர் உறுப்பு இருப்பதே எழுபதைத் தொட்ட பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. அதுவரை அது பாட்டுக்கு நம்மைச் சுமந்துகொண்டு கிடந்தது. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பூங்காவுக்கு வருகிற நம் கூட்டத்தில் ஆளுக்கொரு தைலமும் ஆளுக்கொரு வைத்தியரும் உண்டு. போன மாதம் நீங்கள் எல்லோரும் இந்தப் பாட்டியைப் பார்த்துச் சிரித்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கத்தான் பிசியோதெரபிப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். நான் இரண்டு கைகளையும் மாற்றிப் போட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், உட்கார்ந்தேன். "பள்ளிக்கூடத்து வாத்தியார் இன்னும் உங்களை விடலையாக்கும்" என்றார் உங்களில் ஒருவர். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்புவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு நாளைக் காலை என்னோடு பேசாமல் போனீர்கள் என்றால் அது நியாயம்தான்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. நூலுக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ராசிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பட்டு நெசவு. எங்கள் வீட்டில் இரண்டு தறிக்குழி. ஒன்றில் அப்பா. இன்னொன்றில் அம்மா இருந்தவரை அம்மா. பெண்கள் ராட்டை சுற்றுவார்கள், பாவு நூல் நீட்டக் கை கொடுப்பார்கள். குழியில் இறங்கி முழுச் சேலை நெய்கிற பெண் எங்கள் தெருவில் என் அம்மா ஒருத்திதான். எனக்கு ஏழு வயதில் அம்மா போனாள். அந்தக் குழியின் மேல் அப்பா பலகை போட்டு மூடினார். அதன்மேல் ராகி மூட்டை ஏறியது. மழைக்காலத்தில் எலி அங்கேதான் குடித்தனம் செய்தது.

இரண்டு வருஷம் கழித்து அப்பா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். பெண் பார்த்தது அத்தை. அப்பாவின் அக்காவான அவர் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். இருந்தது அங்கே என்றாலும் ஆட்சி எங்கள் வீட்டில். "மொகத்தப் பாத்தா மகாலட்சுமியாட்ட இருக்குதுடா" என்று சொல்லித்தான் அத்தை அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். வந்தவளைப் பார்க்கத் தெருவே வந்தது. நிறத்தைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், தலைமுடியைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள். சின்னம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. இன்று என் பேத்திக்கு அதைவிட நாலு வயது அதிகம், அவளைக் குழந்தை என்கிறோம்.

எங்கள் பேச்சுக்கும் அவள் பேச்சுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. நாங்கள் ஊடு என்போம், அவள் வூடு என்பாள். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன். அவளும் வேண்டுமென்றே "வூட்டுக்கு வா" என்று இழுப்பாள். இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதைகளில் வருகிற மாற்றாந்தாய் இல்லை அவள். எனக்குத் தலைவாரிவிட்டாள், சூடு ஆற்றிச் சோறு போட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும். பிடித்தவளுக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

வந்த ஆறு மாதத்தில் அவளுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. பிழைப்பாள் என்றே யாரும் நினைக்கவில்லை. பிழைத்தாள். அத்தை நெய்யும் பாலுமாக ஊட்டினார். ராசிபுரத்து நெய்யின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தே நாளில் கன்னம் திரண்டு வந்தது, நிறம் திரும்பியது. தெருப்பெண்கள் வந்து பார்த்து, "மொகந் தெளிஞ்சிருச்சு, இனி ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

முகம்தான் தெளிந்தது. கால் தேறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு என் தோள் வேண்டும். குளிக்க வைக்கும்போது நான் அவள் கால்களைப் பார்த்திருக்கிறேன். தொடைச் சதை தொய்ந்து, முழங்கால் மட்டும் முண்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். சேலைக்குள் இருந்ததால் அது வேறு யாருக்கும் தெரியவில்லை. வெளியே தெரிந்தது மகாலட்சுமி முகம். அதனால் அவள் சோம்பேறி என்று முடிவாயிற்று. "தின்னு தின்னு மொகத்த மினுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கா" என்று அத்தை அவள் காதில் விழவே சொல்வார்.

அப்பாவுக்குத் தறியில் ஆள் வேண்டியிருந்தது. தை மாத முகூர்த்தச் சேலைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவின் குழியை மறுபடி திறந்தால்தான் முடியும். குழியில் இறங்கி நாளெல்லாம் தறியின் மிதிக்கட்டையை மிதிக்க வேண்டும். அதற்குக் கால் வேண்டும். ஆடி பிறந்ததும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஐப்பசி முடியறதுக்குள்ள இவ குழியில எறங்கலீன்னா, அவ அப்பன் ஊட்டுலயே கெடக்கட்டும். நான் வேற பாக்கறேன்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

சின்னம்மாவின் தம்பி ஆத்தூரிலிருந்து வந்து அவளைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். துணைக்கு நானும் போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா, பெரிய கையும் பெரிய குரலுமாக. சின்னம்மாவின் காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பிறகு சுவரோரம் நிறுத்தி, "ஒக்காரு, எந்திரி" என்றார். சின்னம்மா மூன்று முறை எழுந்தாள், நாலாவதில் விழப் பார்த்தாள். "இதுக்கு மருந்து வேண்டாம்மா. இதேதான் மருந்து. இன்னிக்கு மூணு. நாளைக்கு நாலு. தினம் ஒண்ணு கூட்டிக்கிட்டே போ. நூறைத் தாண்டிட்டியானா நீ என்னைத் தூக்கிக்கிட்டே நடக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அவரைத் தூக்குவது யாராலும் ஆகாது என்பதால் நாங்களும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மருந்து எங்க?" சின்னம்மாவின் தம்பி தயங்கித் தயங்கி, "மருந்து இல்லைன்னுட்டாங்க மாமா" என்றான். அந்தக் காலத்து ஆள்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் கையில் சிவப்புத் தண்ணீர் சீசாவோடு திரும்ப வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று கணக்கு. அப்பா மறுபேச்சுக் கேட்காமல் தறிக்குழியில் இறங்கிக்கொண்டார். சின்னம்மா விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். தறியில் நாடா ஓடும் சத்தத்தில் அது கேட்கவில்லை, அல்லது கேட்க அவருக்கு மனமில்லை.

மறுநாள் விடிகாலையில் சின்னம்மா என்னை எழுப்பினாள். தெருக்கோடியில் கிணற்றை ஒட்டி ஒரு பிள்ளையார் கோவில். கோவில் என்றால் மூன்று ஆள் நிற்கிற மண்டபம், அவ்வளவுதான். என் தோளைப் பிடித்துக்கொண்டே அங்கே வந்தாள். பிள்ளையாருக்கு முன்னால் நின்று கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்டுல ஒக்காந்து எந்திரிச்சா உங்கத்தை சிரிக்கும். தாலீம்கூடத்துப் பயலுவ மாதிரி பொம்பள பஸ்கி எடுக்கறான்னு தெருவே சிரிக்கும். இங்க தோப்புக்கரணம் போட்டா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். "நீ எண்ணு சாமி. யாருகிட்டயும் சொல்லாத. நூத்தியெட்டு வந்த அன்னிக்கு நானே போய் அந்தப் பலகையத் தூக்கிட்டு எறங்கறேன். உங்கப்பா மொகத்த அப்ப பாரு."

நான் சத்தியம் செய்தேன். இரண்டு கொட்டாங்குச்சி, நூற்றெட்டுப் புளியங்கொட்டை. அவள் ஒரு தடவை எழுந்தால் ஒரு கொட்டை இந்தக் கொட்டாங்குச்சியிலிருந்து அந்தக் கொட்டாங்குச்சிக்குப் போகும். டக் டக்கென்று விழும் அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. முதல் வாரம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டும். காதை விட்டுவிட்டுத் தூணைப் பிடித்தால் அது கணக்கில்லை என்று நான் கறாராக இருந்தேன். ஒரு மாதத்தில் தூணைத் தொடவில்லை. உடம்பு திடமாக இருந்த நாளில் இரண்டு கூட்டிக்கொள்வாள். நாற்பதானது, ஐம்பதானது. ரகசியம் உடையக்கூடாது என்று வீட்டிலும் தெருவிலும் மட்டும் பழையபடி சுவரைப் பிடித்தே நடந்தாள்.

கால் எப்படி இருக்கிறது என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். சேலையை முழங்காலுக்கு மேல் லேசாகத் தூக்கி, "அமுக்கு, அமுக்கு" என்பாள். முதலில் களியை அமுக்குவதுபோல இருந்தது. அப்புறம் கெட்டிப்பட்டது. ஒருநாள் நான், "சின்னம்மா, காலு ஆம்பளக் காலாட்ட ஆயிருச்சுங்க, அசிங்கமா இருக்குது" என்றேன். அவள் சிரித்தாள். "அழகா வச்சுக்கத்தான் மொகம் இருக்குதே. காலு நிக்கறதுக்குடி" என்றாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தாலீம்கூடம் இருந்தது, உடற்பயிற்சிக்கான கொட்டகை. மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் மட்டும் அங்கே கூட்டம் அள்ளும். பயல்கள் கர்லாக்கட்டை சுற்றுவார்கள், தண்டால் எடுப்பார்கள், ஊர்வலத்தன்று எண்ணெய் பூசிக்கொண்டு தோளை ஆட்டிக் காட்டுவார்கள். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும். பண்டிகை முடிந்த மறுநாள் கர்லாக்கட்டையில் சிலந்தி கூடு கட்டும். அவர்களை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சின்னம்மா தப்புக் கணக்குப் போட்டது இந்த இடத்தில்தான். பிள்ளையார் முன்னால் பெண்ணொருத்தி மூன்று போட்டால், பன்னிரண்டு போட்டால், யாரும் கேட்கமாட்டார்கள். எழுபது போட்டால் கேட்பார்கள்.

முதலில் கேட்டது பூசை செய்கிற பண்டாரம். "ஏனம்மிணி, மூணு போட்டாப் போதுமுங்க. புள்ளையாரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். சின்னம்மா சிரித்துச் சமாளித்தாள். பிறகு தண்ணீர் சேந்த வந்தவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்க்கத் தொடங்கினார்கள். இத்தனை போடுகிறாளே, அப்படி என்ன செய்திருப்பாள் என்ற பேச்சு கிணற்றடியில் பிறந்தது. தோப்புக்கரணம் என்றால் எங்களுக்கெல்லாம் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று பக்தி, இன்னொன்று தண்டனை. பக்திக்கு இத்தனை தேவையில்லை.

பள்ளிக்கூடத்தில் நானும் அடிக்கடி தோப்புக்கரணம் போடுகிறவள். வாய்ப்பாடு எனக்கு ஏழுக்கு மேல் ஏறாது. ஒருநாள் வகுப்புக்கு முன்னால் நான் போட்டுக்கொண்டிருந்தபோது, "அங்க சின்னம்மா, இங்க மக" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து சின்னம்மாவோடு பேசவில்லை. மறுநாள் எண்ணுவதற்குப் போனேன், ஆனால் தள்ளி நின்றுகொண்டேன். யாராவது வந்தால் வேறு வேலையாக வந்ததுபோல் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அவள் பிடித்திருந்த காதைவிட என் காதுதான் எரிந்தது.

இனிமேல் தோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் நகை என்று மிஞ்சியது ஒரு சோடி சிவப்புக்கல் தோடு. மரப்பெட்டியில், அம்மாவின் முகூர்த்தச் சேலை மடிப்புக்குள் இருந்தது. எனக்கு என்று எடுத்து வைத்தது. வயதுக்கு வந்ததும் போடலாம் என்று அத்தை சொல்லியிருந்தார். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. புரட்டாசி மாதத்தில் ஒருநாள், அத்தை இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் போயிருந்த சின்னம்மாவின் பின்னால் கோவிலுக்குப் போனேன். கிணற்றடியில் அன்று யாரும் இல்லை.

சின்னம்மா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "உங்கம்மா இப்படித்தான் இருந்திருப்பாங்க. போனதும் எடுத்த எடத்துலயே வச்சிரு சாமி. திருகாணி தளர்ந்திருக்கு" என்றாள். அப்புறம் காதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். நான் கொட்டையைப் போட்டேன்.

அவளுக்கு முன்னால் நான் திரும்பி வரும்போது தெருவில் பாவு நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் குனிந்து ஓடுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஓடினேன். வீட்டுக்கு வந்து காதைத் தொட்டால் இடது காதில் தோடு இல்லை. அன்றும் மறுநாளும் தெருப்புழுதியைக் கையால் சலித்தேன். கிடைக்கவில்லை. மிஞ்சிய ஒன்றைச் சேலை மடிப்பில் வைத்துப் பெட்டியை மூடினேன். "வச்சுட்டியா?" என்று சின்னம்மா கேட்டாள். "வச்சுட்டேனுங்க" என்றேன். அது முதல் பொய்.

தீபாவளிக்கு வீடு மெழுகும்போது அத்தை பெட்டியைத் திறந்து உதறினார். ஒற்றைத் தோடு விழுந்தது. அத்தை சத்தம் போடவில்லை. பெட்டியை மூடிவிட்டு என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். முறுக்கு கொடுத்தார். பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினார்.

"ஏஞ்சாமி, தெனமும் நீதான கூடப் போற. உங்க சின்னம்மா எதுக்கு அத்தன தோப்புக்கரணம் போடறா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

கடித்த முறுக்கைக் கீழே வைத்தேன். தோடு காணோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதென்று எனக்குப் புரிந்தது. கால் வலுவுக்கு என்று சொல்லியிருக்கலாம். சத்தியத்தை மீறியதாகத்தான் ஆகியிருக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. நான் சொன்னது இது:

"ஏதோ தப்பு செஞ்சிட்டாங்களாமா. அதுக்காமா."

அவ்வளவுதான். தோடு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. நான் சொல்லவில்லையே, அத்தையாகத்தானே முடிச்சுப் போட்டார் என்று நெடுங்காலம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பயத்தில் சொன்னேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பயம் உண்மைதான். ஆனால் வயதாக ஆக இன்னொன்றும் தெரிகிறது. ராகி மூட்டைக்குக் கீழே இருந்தது என் அம்மாவின் குழி. நூற்றெட்டு நெருங்க நெருங்க, அதில் இன்னொருத்தி இறங்கப்போகிறாள் என்ற நினைப்பு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நானே எண்ணி எண்ணி அவளை அந்தக் குழிக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து நூற்றெட்டு வந்தது. கடைசிக் கொட்டை விழுந்ததும் சின்னம்மா காதை விட்டுவிட்டு அப்படியே நின்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் கால் நடுங்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பத்து வயதுப் பெண்ணை. "இன்னிக்கு உங்கப்பாகிட்டச் சொல்லிரலாம்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் அதற்கப்புறம் கிட்டத்தில் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்தோம். பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் அத்தை. அப்பா தறியை விட்டு மேலே வந்து உட்கார்ந்திருந்தார். காலை வேளையில் அவர் தறிக்கு வெளியே இருந்தால் வீட்டில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று பொருள்.

"இதுல ரெண்டு தோடு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்குது" என்றார் அத்தை.

"எனக்குத் தெரியாதுங்க அண்ணி" என்றாள் சின்னம்மா.

"தெரியாமத்தான் நூறு நூறாத் தோப்புக்கரணம் போடறயாக்கும். செத்தவ நகைய எடுத்துப்போட்டுப் புள்ளையாருகிட்ட மன்னிப்புக் கேக்கறயா?"

சின்னம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்பாவைப் பார்த்தாள். "கால் வலுவுக்குங்க" என்றாள். "சேலத்து நர்ஸம்மா சொன்னாங்க. தெனம் ஒக்காந்து எந்திரிச்சாத் தேறும்னு. அதான் போட்டேன். இன்னிக்கு நூத்தியெட்டு."

"மருந்தே இல்லீன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. இப்ப மாத்திப் பேசறயே" என்றார் அப்பா.

"மருந்து வேண்டாம்னாங்க. இதான் மருந்துன்னாங்க. புள்ள கூட இருந்துச்சு. தெனம் அதுதான் எண்ணுது. அதக் கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு நம்ப ஆசையிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சொல்லு சாமி. காலுக்காகத்தான் போட்டாங்களா?"

அத்தையும் என்னைப் பார்த்தார். முந்தாநாள் நான் சொன்னது அவர் கண்ணில் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று வரும். அப்புறம் தோடு வரும்.

"எனக்குத் தெரியாதுங்கப்பா" என்றேன்.

சின்னம்மா என் பக்கம் திரும்பினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தாள். வலது காதை, அப்புறம் இடது காதை. தோடு எங்கே போனது, எப்படிப் போனது என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இவ போட்டுக்கிட்டு வந்ததை நான் பாத்தேன்" என்றால் முடிந்தது. எனக்கு நாலு அடி விழும், அவளுக்கு வாழ்க்கை மிஞ்சும். அவள் சொல்லுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்லவில்லை. "சரி" என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"கொஞ்ச நாளைக்கு உங்கப்பன் ஊட்டுல இரு" என்றார் அப்பா, தறியைப் பார்த்துக்கொண்டு.

மதியம் ஒற்றை மாட்டு வண்டியை அப்பாவே அழைத்து வந்தார். நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் போகிற பஸ்ஸுக்குக் கடைவீதி வரை போக வேண்டும். சின்னம்மா ஒரு துணிமூட்டையோடு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப என்னைத் தூக்கித்தான் வண்டியில வச்சீங்க. இப்ப நடந்தே போயிக்கறேனுங்க" என்றாள்.

நடந்தாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், கையை வீசி நடந்தாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் அப்படி நடந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. "ஏனுங்க, கால் நல்லாத்தான இருக்குது" என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டுக் குழியில் இறங்குவதற்கென்று அவள் உண்டாக்கிய கால். கோவில் திருப்பத்தில் அவள் நின்றாள். பிள்ளையாரைப் பார்த்தாளா, கொட்டாங்குச்சிகளைப் பார்த்தாளா தெரியாது. திரும்பி எங்களைப் பார்க்கவில்லை.

அப்பா வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தார். வண்டிக்காரர், "அப்ப நான் போகட்டுங்களா" என்று மூன்று தரம் கேட்டார். அப்பாவுக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கூப்பிட்டிருக்கலாம். தெரு பார்த்துக்கொண்டிருந்தது, அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் நான் போய் அந்தப் புளியங்கொட்டைகளைக் கொட்டாங்குச்சியோடு கிணற்றில் போட்டேன். கொட்டை முங்கிவிட்டது. கொட்டாங்குச்சிகள் மட்டும் முங்காமல் நாலைந்து நாள் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன.

தை பிறந்ததும் அப்பா ஆத்தூருக்குப் போனார். சாயங்காலமே தனியாகத் திரும்பினார். ரைஸ்மில்லில் சின்னம்மா வேலைக்குப் போகிறாளாம், அவித்த நெல்லைக் கூடையில் சுமந்து களத்துக்குக் கொண்டுபோகிற வேலை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அத்தை என்னென்னவோ கேட்டார். அப்பா கை கால் கழுவிவிட்டு, "நல்லா நடக்கறா" என்று மட்டும் சொன்னார். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் குழியை மண்போட்டு மூடிவிட்டார். நான் விரும்பியது நடந்துவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, முப்பது வயதிருக்கும்போது ஒருமுறை ஆத்தூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நான் பஸ்ஸுக்குள் சன்னலோரம். அவள் வெளியே, தலையில் கிழங்கு மூட்டை. தலை நரைத்திருந்தது, முகம் வாடியிருந்தது. ஒருகாலத்தில் தெருவே பார்க்க வந்த முகம் என்று யாரும் சொல்ல முடியாது. நடை மட்டும் அப்படியே இருந்தது. பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. இறங்கி, "சின்னம்மா, நான்தான் எடுத்தனுங்க" என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். பஸ் நகர்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அவள் எப்போது இறந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க யோக்கியதை இல்லை.

இப்போது தினமும் காலையில் காதைப் பிடித்துக்கொள்கிறேன். பதினைந்து போதும் என்றாள் பிசியோதெரபிப் பெண். நான் இருபத்திரண்டுக்கு வந்திருக்கிறேன். நூற்றெட்டு இந்தப் பிறவியில் வராது என்று தெரியும். எண்ணுவதற்கு என் பக்கத்தில் யாரும் இல்லை, நானே எண்ணிக்கொள்கிறேன்.

போன வாரம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "பாட்டி ஏன் இந்த வயசுல தோப்புக்கரணம் போடறாங்க?" என்று கேட்டார்கள். என் மருமகள் காபித் தட்டோடு வந்தவள் பெருமையாகச் சொன்னாள்: "கால் வலுவுக்குங்க."

எல்லோரும் உடனே நம்பினார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.